ஏடேறிய பாட்டு

நுழையும்முன்

பன்னெடுங்காலம் வாய்மொழியாக வாழ்ந்த நம் நாட்டார் பாடல்களும் கூத்துப் பாடல்களும் காலப்போக்கில் அச்சேறத் தொடங்கின. அவற்றின்மீது படித்தவர்களின் கவனத்தைத் திருப்பியதில், சில நூறு படிகளே அச்சான சிற்றிதழ்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அவ்விதழ்கள் எவற்றைக் காத்தன? எவற்றைக் காக்க இயலாமற் போயின? எஞ்சியிருக்கும் பணி யாருடையது? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

பகலில் தறி, இரவில் கூத்து

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிக்கும் வந்தவாசிக்கும் இடையே அமைந்த ஊர் பெரணமல்லூர். பட்டுத்தறியும் நெல்வயலும் அருகருகே வாழும் வட்டாரம் இது. விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டி இழைகளைச் சரிபார்ப்பதும், பகல் முழுவதும் தறிக்குழியில் கால்கள் மிதிக்க, நாடா ஓட, இழையோடு இழை சேர்வதும் இப்பகுதி நெசவாளர் வாழ்வின் அன்றாடக் காட்சிகள்.

கோடை வந்ததும் இவ்வட்டாரத்தின் இரவுகள் மாறிவிடும். திரௌபதியம்மன் கோயில்களில் கொடியேறும். பாரத விழா தொடங்கும். பிற்பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. மத்தளமும் தாளமும் ஆர்மோனியமும் முகவீணையும் ஒலிக்க, கட்டியங்காரன் வந்து கதையைத் தொடங்கி வைப்பான். திரைக்குப் பின்னிருந்து தம் வருகையைத் தாமே பாடியபடி வேடதாரிகள் களத்துக்குள் நுழைவர். அருச்சுனன் தபசு நாளில், நடிகர் உயர்ந்த தபசு மரத்தின்மீது பாடிக்கொண்டே ஏறுவார். இறுதி நாளில், மண்ணால் உருவாக்கிய துரியோதனனின் பேருருவத்தைச் சுற்றிப் படுகளம் நிகழும். அதன்பின் மக்கள் தீமிதிப்பர்.

கூத்து என்பது நாடகம் மட்டுமன்று. விடிய விடிய நீளும் இசை நிகழ்ச்சியும் ஆகும். விருத்தம், தரு, கந்தார்த்தம், அகவல் எனப் பாட்டின் வகைகள் பல. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், களத்தின் கடைசி வரிசையில் உறக்கம் மேலிட அமர்ந்திருப்பவரின் செவியையும் எட்டும்வண்ணம் உச்சக்குரலில் பாடிப் பழகியவர்கள் இக்கலைஞர்கள். ஒரு மூத்த கலைஞரின் நினைவில் பல இரவுகளுக்குரிய பாடல்கள் குடியிருக்கும். பல நேரங்களில் அந்நினைவே நூலகம். அந்நூலகத்திற்கு இன்னொரு படி கிடையாது. கலைஞர் மறையும்போது அதுவும் மறைந்துவிடும்.

இந்த இழப்பை உணர்ந்து எழுதியவர்கள் யார்? இவ்வினாவுக்கு விடை காண முயலும்போது, நாம் தமிழ்ச் சிற்றிதழ்களின் வரலாற்றுக்குள் நுழைகிறோம்.

சிற்றிதழ் என்னும் களம்

வணிக நோக்கின்றி, ஒரு கொள்கையையோ கலைப் பார்வையையோ முன்னிறுத்திச் சிலர் கூடித் தம் சொந்தப் பொருளில் நடத்தும் இதழே சிற்றிதழ். சிறுமை என்பது இங்கே பக்க அளவையும் படிகளின் எண்ணிக்கையையும் மட்டுமே குறிக்கும். சி. சு. செல்லப்பா 1959ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கிய 'எழுத்து' 1970 வரை 119 இதழ்கள் வெளிவந்தது. தமிழில் புதுக்கவிதை வேரூன்ற அதுவே களமானது. அதன் வழியில், சேலத்திலிருந்து 'நடை'யும் சென்னையிலிருந்து 'கசடதபற'வும் வந்தன.

இவ்விதழ்களை நடத்தியவர்களுள் பலர் மாதச் சம்பளக்காரர்கள். அலுவலகம் என்று தனியே ஓர் இடம் இருக்காது. வீட்டுக் கூடமே அலுவலகம். கட்டுரை வாங்குவது, மெய்ப்புத் திருத்துவது, உறையில் முகவரி எழுதுவது, அஞ்சல்தலை ஒட்டுவது எல்லாம் அவர்களே. விளம்பர வருவாய் பெரும்பாலும் இராது. சந்தாத் தொகை தாள் விலைக்கே போதாது. ஆகவே சில இதழ்கள் ஓராண்டிலும், சில இதழ்கள் ஈராண்டிலும் நின்றுபோயின.

ஆயினும், இந்த எளிமையே அவற்றின் வலிமையாகவும் அமைந்தது. பல்லாயிரம் படிகள் விற்றாக வேண்டிய இதழ், வாசகர் ஏற்கெனவே விரும்புவதையே தர வேண்டியிருக்கும். விற்பனையை எதிர்பாராத இதழோ, யாரும் கேட்காத பொருளைப் பற்றியும் பல பக்கங்கள் எழுதத் துணியும். நாட்டார் பாடலும் கூத்தும் அக்காலத்தில் படித்தவர்கள் கேட்காத பொருள்களாகவே இருந்தன.

வழி திறந்தவர்கள்

நாட்டார் பாடல்களைத் தொகுக்கும் முயற்சி சிற்றிதழ்களுக்கு முன்னரே தொடங்கிவிட்டது. சார்லஸ் கோவர் என்னும் ஆங்கிலேயர் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1871இல் நூலாக வெளியிட்டார். பெர்சி மாக்குவீன் என்னும் ஆங்கிலேய அதிகாரி தொகுத்த தமிழ்ப் பாடல்கள், கி. வா. ஜகந்நாதனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'மலையருவி' என்னும் பெயரில் 1958இல் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தின் வழியே வெளிவந்தன. அதற்கு முன், 1943இல், மு. அருணாசலம் 'காற்றிலே மிதந்த கவிதை' என்னும் தொகுப்பை அளித்திருந்தார்.

இவை அரிய தொண்டுகள். எனினும், தொகுப்பு ஒரு முறை வெளிவந்தால் முடிந்துவிடும். இதழோ திங்கள்தோறும் வரும். ஒருவர் அனுப்பிய பாடலைப் படித்த இன்னொருவர், தம் ஊரில் அதே பாடல் வேறுவிதமாக வழங்குவதை எழுதி அனுப்புவார். தொகுத்தல் தனிமனிதர் செயலாக இல்லாமல் ஓர் உரையாடலாக மாறுவது இதழ்வழியே நிகழ்ந்தது.

ப. ஜீவானந்தம் தொடங்கிய 'தாமரை' இதழைச் சூழ்ந்து அத்தகையதோர் உரையாடல் உருவாயிற்று. பேராசிரியர் நா. வானமாமலையின் வழிகாட்டலில் எஸ். எஸ். போத்தையா, எஸ். எம். கார்க்கி, கு. சின்னப்ப பாரதி, வாழப்பாடி சந்திரன் முதலியோர் தத்தம் பகுதிப் பாடல்களைத் திரட்டினர். தாலாட்டு, ஏற்றப்பாட்டு, நடவுப்பாட்டு, ஒப்பாரி எனத் திரண்ட அச்செல்வம், 1964இல் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' என்னும் நூலாக வெளிவந்தது.

'ஆராய்ச்சி' கேட்ட வினா

நா. வானமாமலை 1969இல் 'ஆராய்ச்சி' என்னும் காலாண்டிதழைத் தொடங்கினார். பல்கலைக்கழகத்தின் துணையின்றித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த அவ்விதழ், நாட்டார் வழக்காற்றை வியந்து பாராட்டுவதோடு நிற்கவில்லை, வினாக்களை எழுப்பியது. ஒரு பாடலை யார் பாடினர்? யாருக்காகப் பாடினர்? பாடியவரிடமிருந்து அச்சுக்கு வரும் வழியில் அது மாறியதா? மாற்றியவர் யார்?

இவ்வினாக்களின் வலிமையை உணர்த்துவதற்கு முத்துப்பட்டன் கதை ஒன்றே போதும். பொதிகை மலைச்சாரலில் வில்லுப்பாட்டாக வழங்கும் கதை இது. அந்தண இளைஞனான முத்துப்பட்டன், தோல்தொழில் செய்யும் குடும்பத்துப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் விரும்பி மணக்கிறான். அவர்களுக்காகத் தன் குல அடையாளங்களைத் துறக்கிறான். மாமனாரின் மாடுகளைக் காக்கும் போரில் உயிர் துறக்கிறான். இக்கதையின் ஏடுகளிலும் அச்சுப் படிகளிலும் அப்பெண்கள் பிறப்பால் அந்தணர் என்றும், காட்டில் கைவிடப்பட்டுத் தோல்தொழிலாளி வீட்டில் வளர்ந்தவர்கள் என்றும் கூறும் பகுதி காணப்படுகிறது. சாதி கடந்த மணத்தை ஏற்க மனமில்லாதவர்கள் பிற்காலத்தில் செய்த இடைச்செருகல் அது என்று வானமாமலை வாதிட்டார்.

அச்சு, பாடலைக் காக்கும். அதே அச்சு, பாடலைத் திருத்தவும் கூடும். எந்த வடிவம் ஏடேறுகிறதோ அதுவே மூலம் என்று அடுத்த தலைமுறை நம்பிவிடும். தொகுப்பவரின் நேர்மை ஏன் இன்றியமையாதது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. முத்துப்பட்டன் கதை, கான்சாகிபு சண்டை, கட்டபொம்மு கதைப்பாடல் முதலியவற்றை அவர் பதிப்பிக்க, 1970களில் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. சிற்றிதழின் சிறு வட்டத்தில் தொடங்கிய முயற்சி, பல்கலைக்கழகப் பதிப்பாக உயர்ந்தது.

புரிசையை நோக்கி

தெற்கே கதைப்பாடல்கள் ஆராயப்பட்ட அதே ஆண்டுகளில், வடக்கே தொண்டை மண்டலத்துக் கூத்தின்மீது வேறு சிலரின் பார்வை விழுந்தது. பெரணமல்லூருக்கு அயலில் உள்ள செய்யாற்றுப் பகுதியைச் சேர்ந்த ஊர் புரிசை. தலைமுறை தலைமுறையாகக் கூத்தை வளர்த்துவரும் தம்பிரான் குடும்பத்தாரின் ஊர் அது.

கூத்தின்மீது அப்போது படித்தவர்கள் கொண்டிருந்த எண்ணம் உயர்வானதன்று. 'கூத்தாடி' என்பது வசைச்சொல்லாகவே வழங்கியது, இன்றும் வழங்குகிறது. பொருளற்ற ஆரவாரத்தைக் 'கூத்தடித்தல்' என்கிறோம். சங்க இலக்கியத்தில் இச்சொல்லின் நிலை இதுவன்று. கூத்தரை வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவதற்கென்றே ஒரு நெடும்பாட்டை இயற்றிய மொழி நம் மொழி. அந்த மலைபடுகடாம், இதே திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது என்பதை இங்கு நினைவு கூர்தல் தகும்.

'நடை', 'கசடதபற' ஆகிய இதழ்களில் எழுதிவந்தவர் ந. முத்துசாமி. தஞ்சை மாவட்டத்துப் புஞ்சையில் பிறந்து சென்னையில் வாழ்ந்த அவர், 1970களில் புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைக் கண்டார். நவீன நாடகத்திற்கு வேண்டிய உடல்மொழியும் குரல்வளமும் கற்பனையும் மேலைநாட்டில் மட்டும் தேடப்பட வேண்டியவையல்ல. நம் சிற்றூர்க் களங்களிலேயே அவை உள்ளன என்பதை அவர் உணர்ந்தார். தெருக்கூத்தைத் தமிழரின் அரங்கக் கலையாக நிறுவி அவர் எழுதிய கட்டுரைகள், பின்னர் 'அன்று பூட்டிய வண்டி' என்னும் நூலாயின. 1977இல் அவர் நிறுவிய கூத்துப்பட்டறையின் நடிகர்களுக்குப் புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் கூத்தைப் பயிற்றுவித்தார். படித்த நகரத்து இளைஞர், சிற்றூர்க் கலைஞர் ஒருவரை ஆசிரியராக ஏற்று அடவு பயின்றனர்.

அதே காலத்தில், திறனாய்வாளர் வெங்கட் சாமிநாதன் 'யாத்ரா' இதழில் தெருக்கூத்து உள்ளிட்ட மரபுக் கலைகளைப் பற்றித் தொடர்ந்து கவனப்படுத்தினார். இலக்கியம் மட்டுமே பண்பாடு என்று கருதிய வாசகர்களிடம், மரபின் ஆற்றல் கூத்துக் களத்திலும் கோயில் முற்றத்திலும் உயிரோடு இருக்கிறது என்று அவர் வாதிட்டார்.

இவ்விதழ்களைப் படித்தவர்கள் சில நூறு பேரே. ஆனால், அச்சில நூறு பேருள் நாடக இயக்குநரும் பேராசிரியரும் ஓவியரும் திரைக்கலைஞரும் இருந்தனர். அவர்களின் வழியே கூத்து, கல்விக்கூடங்களையும் பிற மாநில மேடைகளையும் அயல்நாட்டு அரங்குகளையும் அடைந்தது. கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸின் கதையொன்றைப் புரிசைக் கலைஞர்கள் கூத்தாக நிகழ்த்தும் அளவுக்கு அந்த வழி நீண்டது.

> தெரியுமா?
> பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாத்திற்குக் 'கூத்தராற்றுப்படை' என்னும் பெயரும் உண்டு. இதனை இயற்றியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். 583 அடிகளைக் கொண்ட இப்பாட்டின் தொடக்கத்தில், கூத்தர் சுமந்து செல்லும் இசைக்கருவிகள் வரிசையாகக் கூறப்படுகின்றன. பண்டைத் தமிழர் இசைக்கருவிகளை அறிய இப்பகுதி பெரிதும் உதவுகிறது.

கடல் கடந்த ஒப்புமை

சிற்றிதழ்கள் நாட்டார் இசைக்குத் துணைநின்றது தமிழகத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. அமெரிக்காவில் நாட்டார் இசை மறுமலர்ச்சி பெற்ற காலத்தில், 1950இல் 'சிங் அவுட்' என்னும் இதழும் 1962இல் 'பிராட்சைடு' என்னும் இதழும் நியூயார்க்கில் தோன்றின. பிராட்சைடை நடத்தியவர்கள் ஒரு கணவனும் மனைவியும் ஆவர். பழைய சைக்ளோஸ்டைல் எந்திரம் ஒன்றைக் கொண்டு, வீட்டிலேயே படியெடுத்து அதனை வெளியிட்டனர். அப்போது பலராலும் அறியப்படாதிருந்த பாப் டிலன் என்னும் இளைஞரின் பாடல்கள் அதில் வெளிவந்தன. அவ்விளைஞருக்கே 2016இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஒப்புமையோடு ஒரு வேற்றுமையையும் நாம் காண வேண்டும். அவ்வமெரிக்க இதழ்கள் பாடலின் சொற்களோடு இசைக்குறிப்பையும் அச்சிட்டன. இதழைப் பெற்றவர் கித்தாரை எடுத்து அப்பாடலைப் பாடிவிட முடியும். நம் இதழ்களிலும் தொகுப்புகளிலும் பெரும்பாலும் சொற்களே இடம்பெற்றன. அறுபது ஆண்டுகளுக்கு முன் அச்சான ஏற்றப்பாட்டை இன்று நாம் படிக்கலாம், பொருளுணர்ந்து மகிழலாம், ஆனால் பாட இயலாது. அதன் மெட்டு, அச்சேறாமலே நின்றுவிட்டது.

சொல், மெட்டு, சூழல்

நாட்டார் பாடல் என்பது மூன்று கூறுகளின் கூட்டு. முதலாவது சொல். இரண்டாவது மெட்டு. மூன்றாவது சூழல்: அப்பாடல் பிறக்கும் வேலை, சடங்கு, இடம், நேரம், கேட்போர். ஏற்றம் இறைப்பவரின் பாட்டு, நீர்ச்சாலை எண்ணுவதற்கும் உதவியது. நடவுப்பாட்டின் தாளம், குனிந்து நிமிரும் முதுகின் தாளம். ஒப்பாரியை, இழவு வீட்டுக்கு வெளியே பாடச் சொன்னால் பல மூதாட்டியர் மறுத்துவிடுவர்.

சிற்றிதழ்கள் முதற்கூற்றைக் காத்தன. இரண்டாம் கூற்றை மீட்டவர்கள், ஆய்வையும் பாட்டையும் ஒருங்கே மேற்கொண்ட கலைஞர்கள். சிவகங்கைச் சீமையின் மாரந்தையில் பிறந்த முனைவர் கே. ஏ. குணசேகரன் நாட்டார் இசையை ஆராய்ந்ததோடு நில்லாமல், 'தன்னானே' கலைக்குழுவின் வழியே அதை மேடையில் பாடிக்காட்டினார். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் நவநீதகிருஷ்ணனும் தாம் களஆய்வில் திரட்டிய பாடல்களை அவற்றின் மெட்டோடு நூற்றுக்கணக்கான மேடைகளுக்குக் கொண்டு சென்றனர். ஒலிநாடாக்களும் வானொலியும் அப்பணிக்குத் துணையாயின.

மூன்றாம் கூறான சூழலை மீட்பதே கடினம். ஏற்றம் போய் மின்னிறைப்பான் வந்தபின், ஏற்றப்பாட்டுக்குரிய இடம் இல்லை. ஆகவே, பழைய சூழலை அப்படியே திரும்பக் கொணர வேண்டும் என்று விரும்புவது பொருளற்றது. ஏற்றக்காரருக்கு அது நன்மையும் அன்று. பாடல் எத்தகைய வாழ்விலிருந்து பிறந்தது என்பதையேனும் எழுதி வைப்பதுதான் நம்மால் இயல்வது. அக்குறிப்பு இல்லாத பாடல், முகவரி இல்லாத கடிதம் போன்றது.

பறையும் மானமும்

சூழலை மீட்பது எப்போதும் விரும்பத்தக்கதா என்னும் வினாவைக் கூர்மையாக எழுப்பிய கருவி பறை. மரச்சட்டத்தில் தோலை ஒட்டி, தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றி, ஒரு கையில் நீண்ட மெல்லிய சிண்டுக் குச்சியும் மறுகையில் குறுகிய அடிக்குச்சியும் கொண்டு முழக்கப்படும் தொன்மையான கருவி இது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையைக் கூறுகிறது. அத்தகைய கருவியை வாசிப்பது, பிற்காலத்தில் ஒரு சாரார்மீது சாதியின் பெயரால் சுமத்தப்பட்ட கட்டாயத் தொழிலாயிற்று. சாவு வீட்டில் பறையடிக்க மறுத்தவர்கள் தண்டிக்கப்பட்ட காலமும் இருந்தது.

ஆகவே, 'பறையைத் துறப்பதே விடுதலை' என்று ஒரு தரப்பினர் கருதினர். அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி 1990களில் எழுந்த ஒடுக்கப்பட்டோர் பண்பாட்டு எழுச்சியில், 'கட்டாயத்தைத் துறப்போம். கலையைத் துறவோம்' என மற்றொரு தரப்பினர் எழுந்தனர். அக்காலத்தில் 'நிறப்பிரிகை' போன்ற சிற்றிதழ்கள், ஒடுக்கப்பட்டோரின் இலக்கியம், பண்பாடு குறித்த விவாதங்களுக்கு இடமளித்தன. இவ்விரு நிலைப்பாடுகளும் மானத்தின் அடிப்படையில் பிறந்தவையே. இன்று கல்லூரி மாணவரும் மாணவியரும் பறை பயின்று மேடையேறுகின்றனர். அவர்கள் அறிய வேண்டியது அடவுகளை மட்டுமன்று; அக்கருவி கடந்து வந்த வரலாற்றையும் ஆகும். வரலாற்றை மறந்த மறுமலர்ச்சி, கலையை அலங்காரமாக்கிவிடும்.

கலைஞரின் குரல்

இதுவரை கண்ட முயற்சிகளுள் பலவற்றில், எழுதியவர் ஒருவர், எழுதப்பட்டவர் வேறொருவர். கலைஞர் தம்மைப் பற்றித் தாமே பேசும்போது என்ன நிகழும்?

இதே திருவண்ணாமலை மாவட்டத்துப் பெருங்கட்டூரைச் சேர்ந்த கூத்துக் கலைஞர் இராஜகோபால், 1990இல் கலைஞர்களை ஒன்றிணைத்துச் சங்கம் ஒன்று தோன்றக் காரணமானவர்களுள் முதன்மையானவர். 'தெருக்கூத்து' என்னும் பெயரில் 'தெரு' என்பது கலையைத் தாழ்த்துவதாக உள்ளது. வேடதாரிகள் அணியும் கிரீடம், புயக்கட்டை முதலிய மர அணிகலன்களால் அமைந்த 'கட்டைக்கூத்து' என்பதே உரிய பெயர் என்பது அவர்தம் கருத்து. புரிசைக் கலைஞர்களோ தெருக்கூத்து என்னும் பெயரையே பெருமையோடு தம் மன்றத்துக்குச் சூட்டியுள்ளனர். எப்பெயர் சரி என்று தீர்ப்பளிப்பது நம் பணியன்று. ஒரு கலைக்குப் பெயரிடும் உரிமை அக்கலையை நிகழ்த்துவோர்க்கே உரியது என்பதை இவ்விவாதம் நமக்கு உணர்த்துகிறது. ஆண்களே ஆடிவந்த இக்கூத்தை, காஞ்சிபுரம் அருகே இச்சங்கத்தினர் நடத்திய குருகுலத்தில் சிறுமியரும் பயின்றனர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

சேலம் மாவட்டத்து ஏர்வாடியில், இதழும் கூத்தும் ஒரே கையில் இணைந்தன. 'மணல்வீடு' என்னும் இலக்கியச் சிற்றிதழை நடத்தும் மு. ஹரிகிருஷ்ணன், கூத்துக் கலையோடு நேரடித் தொடர்புடையவர். களரி என்னும் அமைப்பின் வழியே, கொங்குப் பகுதியின் கூத்து, பாவைக்கூத்துக் கலைஞர்களை ஒருங்கிணைத்து அவர் விழாக்கள் நடத்துகிறார். எழுதுபவரும் எழுதப்படுபவரும் ஒரே களத்தில் அமரும் காட்சியை அங்கே காண்கிறோம். எழுபது ஆண்டுக்காலச் சிற்றிதழ் முயற்சி வந்தடைந்திருக்கும் நல்லதொரு நிலை இது.

எஞ்சிய பணி

மீண்டும் பெரணமல்லூர் வட்டாரத்துக்குத் திரும்புவோம். பாரத விழா இன்றும் நடக்கிறது. மத்தளம் இன்றும் ஒலிக்கிறது. ஆனால், விடிய விடிய அமர்ந்து கேட்போர் குறைந்து வருகின்றனர். மேடைக்கெனச் சுருக்கிய ஒன்றிரண்டு மணிநேர நிகழ்ச்சிக்கு நகரத்தில் கைதட்டல் கிடைக்கிறது. அதனால் கலைஞருக்குப் புகழும் சிறிது வருவாயும் கிடைப்பது நன்றே. எனினும், முழு இரவுக்கூத்தில் மட்டுமே பாடப்படும் பாடல்கள், பாடப்படாமலே மறந்துபோகும் நிலை உள்ளது.

சிற்றிதழ்க்காரர்களிடம் இல்லாத ஒரு வசதி இன்று நம்மிடம் உண்டு. அவர்கள் பேனாவும் தாளும் கொண்டு சொற்களை மட்டும் எழுதினர். நம் கைப்பேசி சொல்லையும் மெட்டையும் ஆட்டத்தையும் சேர்த்தே பதிவு செய்யும். ஆனால், கருவி இருப்பதாலேயே பதிவு முழுமை பெறுவதில்லை. பாடியவர் யார், எவ்வூர், யாரிடம் கற்றார், எச்சூழலில் பாடுவார், அவர் சொல்லும் பொருள் என்ன என்பனவற்றைக் குறித்தால்தான் அது ஆவணமாகும். அவர் இசைவு பெற்ற பின்னரே பதிவு செய்ய வேண்டும். அவர் பெயரோடு வெளியிட வேண்டும். வெளியிட்டதன் ஒரு படியை அவர் கையில் சேர்க்க வேண்டும். முத்துப்பட்டன் கதை நமக்குக் கற்பித்தவாறு, நமக்குப் பிடிக்காத சொல்லையும் வரியையும் மாற்றாமல் எழுத வேண்டும்.

இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. பள்ளி அளவில் தொடங்கும் ஒரு கையெழுத்து இதழ் போதும். பத்துப் பக்கங்கள், ஒரேயொரு படி. அதில் உங்கள் பாட்டியின் தாலாட்டு ஒன்று, அவர் பெயரோடும் ஊரோடும் இடம்பெறட்டும். 'ஆராய்ச்சி'யும் 'யாத்ரா'வும் இத்தகைய சிறு தொடக்கங்களே.

ஆரணிப் பட்டில் பாவும் ஊடையும் வெவ்வேறு திசையில் ஓடுகின்றன. ஒன்றில்லாமல் மற்றொன்று சேலையாவதில்லை. பாடுபவரின் நினைவும் எழுதுபவரின் ஏடும் அத்தகையவை. ஏடு மட்டும் எஞ்சினால், அது சொற்களின் பட்டியல். நினைவு மட்டும் எஞ்சினால், அது ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும். இரண்டையும் சேர்த்து நெய்யும் பொறுப்பு, பாட்டைக் கேட்கவும் ஏட்டில் எழுதவும் அறிந்த நம் தலைமுறையைச் சார்ந்தது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ ஊரிலோ உள்ள மூத்தவர் ஒருவரிடம் அவர் இசைவோடு ஒரு பாடலைக் கேட்டு, சொல், மெட்டு, சூழல் ஆகிய மூன்றும் விளங்குமாறு பதிவு செய்க.

2. ஒரே பாடல் இரு ஊர்களில் வேறுபட்டு வழங்குவதைக் கண்டறிந்து, அவ்வேறுபாட்டிற்கான காரணத்தை வகுப்பில் கலந்துரையாடுக.

3. 'மரபுக்கலையைக் காலத்திற்கேற்பச் சுருக்கலாமா?' என்னும் பொருளில் இரு குழுக்களாகப் பிரிந்து வாதிடுக.

4. உங்கள் பகுதியின் கலைகள், கைத்தொழில்கள், பாடல்கள் ஆகியவற்றைக் கொண்டு கையெழுத்து இதழ் ஒன்றை உருவாக்கிப் பள்ளி நூலகத்தில் வைக்க.